உடை உதவி

புடவையைத்தான் செண்பகவல்லி முதலில் பார்த்தாள். திரையில் பச்சைப் பெயின்ட் உரிந்த ஒரு கதவு திறந்தது, ஒரு பெண் உள்ளே வந்தாள். அவள் முகம் யாருடையது, வயது என்ன, நன்றாக நடிக்கிறாளா என்றெல்லாம் பார்ப்பதற்கு முன்னால் கண் புடவையில் போய் நின்றுவிட்டது. அரக்குச் சிவப்பு, கடுகு நிறக் கரை. அட, நம்ம அம்மா புடவை என்று ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது, கூட்டத்தில் ஊர்க்காரரைப் பார்த்துவிட்ட மாதிரி. முந்தானையில் கரைக்குச் சற்று மேலே ஒரு கிழிசல் இருக்கும், அம்மா இழையோட்டித் தைத்தது, நூல் ஒரு சாயல் கூடுதலாகச் சிவந்திருக்கும், தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். இருந்தது. அவ்வளவு பெரிய திரையில் அந்தத் தையல் ஒரு சாண் நீளத்துக்கு இருந்தது. பக்கத்து நாற்காலியில் மிருணாளினி அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். திரையில் அந்தப் பெண் செருப்பைக் கழற்றினாள். செருப்பு புதுசு. குளிர்சாதனக் காற்று பின்கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது, மதியம் சாப்பிட்ட சாம்பார் சாதம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் எங்கோ நின்றது. செருப்பு ஏன் புதுசாக இருக்கிறது என்று செண்பகவல்லிக்குத் தோன்றியது. தோன்றிய அந்த நொடியிலேயே விடையும் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் மனசு அதைத் தெரியாத மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. செருப்பு எல்லோர் வீட்டிலும்தான் புதுசாக இருக்கும், இதில் என்ன, புதுச் செருப்பு யாரும் வாங்குவதில்லையா என்ன.

வெள்ளிக்கிழமை மதியம், கல்லூரிக்குள்ளேயே இருக்கும் சின்னத் திரையரங்கு, முதலாண்டு மாணவர்கள் பதினான்கு பேர், தணிகாசலம் சார். ஒரு கதவு, இரண்டு ஆள், வசனம் கூடாது, நான்கு நிமிடம் என்று அவர் கொடுத்த முதல் பயிற்சியைத்தான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செண்பகவல்லியின் படம் மூன்றாவதாகவே வந்து போய்விட்டது. விடுதிக் குளியலறைக் கதவு தாழ்ப்பாள் விழாமல் ஒருத்தி உள்ளிருந்து இழுக்க, வெளியே வாளியோடு ஒருத்தி தள்ள, எல்லோரும் சிரித்தார்கள், சார் பரவாயில்லை என்றார். பரவாயில்லை என்பதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அடுத்த மூன்று படங்களும் அவளுக்குச் சரியாக மண்டையில் ஏறவில்லை. ஏழாவது மிருணாளினியுடையது. ஆரம்பத்தில் ஒரு சிறுமி தரையில் குப்புறப் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், சுவரில் ஒரு காலண்டர் ஆடியது, அதுவரை செண்பகவல்லி நிம்மதியாகத்தான் பார்த்தாள், வெளிச்சம் நன்றாக இருக்கிறது, கேமரா பிடித்த ஜெய்லானி நன்றாகப் பண்ணியிருக்கிறான் என்று நினைத்தாள். புடவையை அவள்தான் கொடுத்திருந்தாள். ஒரு ஷாட்டுக்கு வேண்டும், பழசாக, வீட்டில் கட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், எங்கம்மா எல்லாம் சுடிதார்தான் என்று மிருணாளினி கேட்டாள். கட்டிலில் போர்வைக்கு மேலே விரித்திருந்த புடவையை இவள் அப்படியே உருவி மடித்துக் கொடுத்தாள். மெட்ராஸ்ல ஏசி ரூம்ல படம் போடுவாவளாமே, குளிரும், போத்திக்க என்று அம்மா பையின் அடியில் திணித்துவிட்ட புடவை அது. கதை என்னடி என்று அப்போது கேட்டதற்கு, பார்க்கும்போது பாரேன் என்றாள் மிருணாளினி. அவள் சொன்ன விதத்தில் கன்னத்தில் குழி விழுந்தது. அந்தக் குழியைக் கூட இவளுக்குப் பிடித்திருந்தது.

பிடித்திருந்தது. அதுதான் இப்போது முள் மாதிரி குத்தியது. ஆறு வாரத்துக்கு முன்னால் கோவில்பட்டியிலிருந்து வந்து இறங்கிய முதல் நாள், ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பாதித்த படத்தைச் சொல்லச் சொன்னார்கள். ஈரான், ஜப்பான், போலந்து என்று ஆளாளுக்கு ஒரு நாட்டைச் சொன்னார்கள். இவள் ஞாயிற்றுக்கிழமை டிவியில் பார்த்ததைத் தவிர வேறு பார்த்ததில்லை. எழுந்து நின்று பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருந்ததே அவமானமாக இருந்தது. அன்று சாயங்காலம் ஒரு பெண் அறைக்கு வந்து ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கட்டிலில் வைத்து, இதுல நானூறு படம் இருக்கு, எனக்கும் பாதி புரியல, வா சேந்து பாக்கலாம் என்றாள். பெயர் மிருணாளினி, ஊர் அண்ணா நகர், அப்பா அம்மா இரண்டு பேரும் டாக்டர். செண்பகவல்லி என்பது நீளம் என்று அவளே செம்பா ஆக்கினாள். மறுநாள் வகுப்பு முழுவதும் செம்பா என்றது. பிறகு கீழக்கரை ஜெய்லானி வந்து சேர்ந்தான், அதிகம் பேச மாட்டான், எதைப் பார்த்தாலும் இரண்டு விரலால் சட்டம் போட்டுப் பார்ப்பான். மூன்று பேரும் ஒரு லேப்டாப்பை நடுவில் வைத்துத் தலையை முட்டிக்கொண்டு படம் பார்த்தார்கள். வசனம் புரியாத இடங்களில் மிருணாளினி படத்தை நிறுத்தி விளக்குவாள், எப்போதும் இவளுக்குத் தெரியாததைத் தனக்கும் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டுதான் விளக்குவாள். அப்படி ஒருத்தி பள்ளிக்கூடத்தில்கூட இவளுக்குக் கிடைத்ததில்லை. அம்மாவிடம் போனில், எனக்கு ஒரு ஃப்ரெண்ட் கெடச்சிருக்கா என்று சொன்னபோது குரல் கொஞ்சம் நடுங்கியதும், அம்மா அதைக் கவனித்துவிட்டு, நல்ல பிள்ளையா பாத்துப் பழகு என்று மட்டும் சொன்னதும், எல்லாம் இந்தப் புடவைக்காரி திரையில் மூன்று எட்டு வைப்பதற்குள் வந்து போயின.

திரையில் அந்தப் பெண் சிறுமியைப் பார்த்தாள், சிறுமி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கணக்கில் குனிந்தாள், பெண் நேரே கொல்லைப் பக்கம் போய்ப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். அப்படித்தான் நடந்தது. ஏழாம் வகுப்பு. ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு பூட்டியிருந்தது, சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. ராத்திரி அப்பா கண்டக்டர் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அம்மா ஊருக்குப் போயிருக்கா என்றார். எந்த ஊர் என்று சொல்லவில்லை. போவதற்கு அம்மாவுக்கு ஊர் என்று ஒன்று கிடையாது, தாத்தாவும் ஆச்சியும் போன பிறகு அங்கே வீடே இல்லை. பதினோரு நாள். அப்பா வைத்த ரசத்தில் புளி தூக்கலாக இருந்தது, இவள் தானே சடை பின்னிக்கொண்டு போனாள், தையல் மிஷின் மேல் அரைகுறையாக நின்ற யாருடைய ஜாக்கெட்டோ ஒரு கை இல்லாமல் கிடந்தது. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அம்மா வந்தாள். சாப்ட்டியா என்று கேட்டாள். அவ்வளவுதான், போய்ப் பாத்திரம் தேய்த்தாள். ஏழு வருஷமாக அந்த வீட்டில் மூன்று பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததை எங்கே சொன்னாள் என்றால் விடுதி மொட்டைமாடியில் சொன்னாள், நாலாவது வாரம், துணி காயப்போடும் கயிற்றுக்குக் கீழே உட்கார்ந்து, வெயில் தாழ்ந்த நேரத்தில். மிருணாளினி தன் அண்ணனைப் பற்றிச் சொல்லி அழுதாள், அவன் வீட்டோடு பேச்சை விட்டுவிட்டான். அவ்வளவு அழுகைக்குப் பதிலாக இவளிடமும் ஏதாவது கொடுக்க வேண்டும் போலிருந்தது. கொடுத்தாள். அன்றைக்கு அம்மா காலில் இருந்த புதுச் செருப்பைப் பற்றியும் சொன்னாள், அம்மா கொல்லைக்குப் போனதும் அந்தச் செருப்பை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் ஒளித்ததை, பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிடக் கூடாது என்று ஒளித்ததை. ஏன் ஒளிச்ச என்று மிருணாளினி கேட்டாள். தெரியல என்றாள். மிருணாளினி இவள் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். காயாத துணியிலிருந்து ஒரு சொட்டு இவள் காலில் விழுந்தது.

இதோ, சிறுமி எழுந்தாள். செருப்பை எடுத்தாள். கட்டிலுக்கு அடியில் வைத்தாள். வகுப்பில் யாரோ மெல்ல, ப்ச் என்றார்கள், அது பாராட்டு. அப்போதுதான் செண்பகவல்லிக்குக் கதவு திறப்பதற்கு முன்னால் கேட்ட சத்தம் நினைவுக்கு வந்தது. கேட்டபோது கவனிக்கவில்லை, தெருச் சத்தம் என்று விட்டுவிட்டாள். ஒரு பைக் வந்து நின்ற சத்தம். எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் நின்று பிறகு போன சத்தம். உடம்பு சட்டென்று சூடானது. ஏனென்றால் பைக் கிடையாது. அன்றைக்குப் பைக்கும் இல்லை ஒன்றும் இல்லை. பைக்கைச் சேர்த்தது இவள். மொட்டைமாடியில் சொல்லிக்கொண்டு வரும்போது ஓர் இடத்தில் கதை மொட்டையாக நிற்கிற மாதிரி இருந்தது, அம்மா போனாள், அம்மா வந்தாள் என்றால் அதில் என்ன இருக்கிறது, மிருணாளினியின் கண் இன்னும் கொஞ்சம் விரிய வேண்டும் போலிருந்தது. வாசல்ல ஒரு பைக் நின்னுட்டுப் போற சத்தம் கேட்டுச்சு என்று சொன்னாள். சொன்னதும் மிருணாளினியின் கண் விரிந்தது. அந்த நேரத்தில் அது பொய் என்றுகூடத் தோன்றவில்லை, படத்துக்குப் பின்னணி போட்ட மாதிரி இருந்தது. இப்போது அந்த பைக் நாலு பக்க ஸ்பீக்கரிலும் ஓடிவிட்டுப் போய்விட்டது. பதினான்கு பேரும் அதைக் கேட்டார்கள். பதினான்கு பேர் மனசிலும் பைக்கை ஓட்டியவன் ஒருத்தன் இருக்கிறான், அவனுக்கு மீசைகூட இருக்கும். அம்மாவுடைய புடவையைக் கட்டிக்கொண்ட ஒருத்தி அவன் பைக்கிலிருந்து இறங்கியிருக்கிறாள். மிருணாளினிதான் திருடினாள், ஆனால் அம்மாவை அந்த பைக்கில் ஏற்றிவிட்டது யார் என்று மனசு கேட்டது. கேட்டுவிட்டு உடனே மறுபக்கம் திரும்பி, இல்லை, அவள்தான், அவள்தான் என்றது. கேட்டிருக்கலாமே ஒரு வார்த்தை. எடுக்கட்டுமா என்று கேட்டிருந்தால் எடுத்துக்கோ என்றே சொல்லியிருப்பாள் இவள், அப்படிப்பட்ட லூசுதான். தலையைத் திருப்பினாள். இரண்டு நாற்காலி தள்ளி ஜெய்லானி உட்கார்ந்திருந்தான். அவன் திரையைப் பார்க்கவில்லை, இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இவள் பார்த்ததும் குனிந்துகொண்டான். ஓ, உனக்கும் தெரியுமா.

படம் முடிந்துவிட்டது என்று நினைத்தாள், முடியவில்லை. கடைசி ஷாட் இருந்தது. கேமரா வீட்டுக்கு வெளியே வந்துவிட்டது, நேரமும் பின்னால் போய்விட்டது, கதவு சாத்தியிருந்தது, அதற்கு முன்னால் அந்தப் பெண் நின்றாள். தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள். தட்டவில்லை. கை அப்படியே நின்றது. தன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டுமா, தள்ள வேண்டுமா என்று தெரியாமல் நின்றாள். உள்ளே சிறுமி வாய்ப்பாடு சொல்லும் முணுமுணுப்பு கேட்டது. கையை இறக்கினாள், முந்தானையில் முகத்தைத் துடைத்தாள், மறுபடி தூக்கினாள். எவ்வளவு நேரம், இருபது நொடியா, அரை நிமிஷமா, திரையரங்கில் ஒருவர்கூட இருமவில்லை. படம் கறுத்தது. இது கோபம்தான் என்று செண்பகவல்லி தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், அது கோபம் மட்டும் இல்லை. ஏழு வருஷமாக அந்தக் கதவை அவள் உள்ளே இருந்துதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கம் அம்மா நின்றிருப்பாள், கொஞ்ச நேரமாவது நின்றிருப்பாள் என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. அது அண்ணா நகர் டாக்டர்களின் மகளுக்கு ஒரு சாயங்காலத்தில் தோன்றியிருக்கிறது. படம் மோசமாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய் ஒரு அறை விட்டிருக்கலாம். நல்ல படம். திருட்டுப் போன பொருள் திருடியவள் வீட்டில் நன்றாகத் துடைத்து வெளிச்சத்தில் வைக்கப்பட்டிருந்தது, தன்னிடம் இருந்தவரை அது இருட்டில்தான் கிடந்தது, குளியலறைத் தாழ்ப்பாளைப் போய்ப் படம் எடுத்தவள்தானே நீ. கறுப்பில் வெள்ளை எழுத்து வந்தது. எழுத்து, இயக்கம், மிருணாளினி. ஒளிப்பதிவு, ஜெய்லானி. பிறகு இன்னும் இரண்டு பெயர். அதற்கும் பிறகு, சின்ன எழுத்தில், உடை உதவி, செண்பகவல்லி.

கைதட்டினார்கள். மற்ற படங்களுக்குத் தட்டிய மாதிரி இல்லை. தணிகாசலம் சார் விளக்கைப் போடச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசி ஷாட்டைப் பற்றியே ஐந்து நிமிடம் பேசினார், இந்த வருஷ மாணவர் படங்களை டிசம்பரில் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டும்போது இதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்றார், இது எங்கிருந்தும்மா வந்தது என்று கேட்டார். மிருணாளினி எழுந்து நின்று, சும்மா ஒரு நாள் தோணுச்சு சார் என்றாள். சொல்லும்போது அவளுடைய இடது கை கீழே இவள் தோளைத் தேடி வந்து தொட்டது. நாம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம் என்று அந்தத் தொடல் சொன்னது. அதைத்தான் இவளால் தாங்க முடியவில்லை. அந்தக் கையில் குற்ற உணர்ச்சி என்பது துளியும் இல்லை, நடுக்கம் இல்லை, வேர்க்கவில்லை. பிறந்த நாள் பரிசைப் பிரித்துப் பார்க்கச் சொல்லிக் காத்திருக்கிற கை மாதிரி இருந்தது. சார் வேறு யாராவது பேசுங்கள் என்றார். ஒருத்தன் வெளிச்சத்தைச் சொன்னான், ஒருத்தி, அந்த பைக் சத்தத்துல எல்லாமே புரிஞ்சிடுச்சு சார் என்றாள். செண்பகவல்லி நீ சொல்லும்மா என்றார் சார். எழுந்தாள். பதினான்கு முகம். சொல்லிவிடலாம், ஒரே வரி, இது எங்கம்மா சார். சொன்னால் படத்திலிருந்த பெண்ணுக்கு ஒரு பெயர் வந்துவிடும், ஊர் வந்துவிடும், பைக்காரனும் கூடவே ஊருக்கு வந்துவிடுவான். சொல்லாவிட்டால் அவள் மிருணாளினிக்குத் தோன்றியவளாகவே இருந்துவிடுவாள். இரண்டு பக்கமும் அம்மாதான் மாட்டிக்கொண்டு நின்றாள். "பைக் வேண்டாம் சார்," என்றாள் செண்பகவல்லி. ஏன் என்றார் சார். "அது பொய் மாதிரி இருக்கு." சார் தலையை ஆட்டி, யோசிக்க வேண்டிய விஷயம் என்றார். மிருணாளினி இவளை நிமிர்ந்து பார்த்தாள், அந்தக் கன்னத்துக் குழி மெல்ல மறைந்தது.

எட்டாவது கதவு திரையில் வருவதற்குள் செண்பகவல்லி வெளியே வந்துவிட்டாள். வெளியே மூன்று மணி வெயில் கண்ணில் அறைந்தது. படியிறங்கி வேப்பமரத்துப் பக்கம் போவதற்குள் பின்னாலேயே மிருணாளினி ஓடி வந்தாள். உனக்குத் தெரியாம இருக்கட்டும்னுதான்டி சொல்லல, அழுதுருவன்னு நெனச்சேன், கட்டிப்பிடிப்பன்னு நெனச்சேன் என்றாள். உன் கதைய நான் எவ்ளோ மதிச்சு எடுத்திருக்கேன், பாத்தல்ல, அந்தக் கடைசி ஷாட்டுக்கு நானும் ஜெய்லானியும் ஒரு நாள் முழுக்க நின்னோம் என்றாள். அவள் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. புடவையைக் கேட்டப்போ சொல்லியிருக்கலாம்ல என்றாள் செண்பகவல்லி. மிருணாளினி திரும்பித் திரையரங்குக் கதவைப் பார்த்தாள். பிறகு, "சொன்னா நீ குடுத்திருக்க மாட்ட," என்றாள். சொன்ன பிறகுதான் அது என்ன வார்த்தை என்று அவளுக்கே கேட்டிருக்க வேண்டும், வாயைப் பொத்திக்கொண்டாள். போ உள்ள, படம் ஓடுது என்றாள் செண்பகவல்லி. அவள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. டிசம்பரில் நாலு பேர் பார்ப்பார்கள், யாராவது போனில் அனுப்புவார்கள், கோவில்பட்டி ஒன்றும் கடலுக்கு அப்பால் இல்லை, அதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்ற பயம் இருந்தது, பயத்துக்கு அடியில் சின்னப் பிள்ளை மாதிரி, அம்மா, என்னைய ஏமாத்திட்டாம்மா என்று அழ வேண்டும் என்பதும் இருந்தது.

"என்னட்டி, இந்நேரத்துல? கிளாஸ் இல்லையா?" அம்மாவின் குரலுக்குப் பின்னால் தையல் மிஷின் ஓடியது. செண்பகவல்லி எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்து, எங்கிருந்தோ ஆரம்பித்தாள். ஏழாப்புல நீ பதினோரு நாள் வீட்ல இல்லல்ல, அத ஒருத்திட்ட சொன்னேம்மா, அவ படமா எடுத்துட்டா, உன் சேலையக் கட்டிக்கிட்டு ஒரு பொம்பள நடிச்சா. மிஷின் நின்றது. செருப்பை ஒளித்ததைச் சொன்னாள். பைக்கையும் சொன்னாள், நானாத்தான் சேத்துச் சொன்னேம்மா என்றாள். அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"பைக்குல வந்தேன்னா சொன்ன?"

"ம்."

அம்மா பெருமூச்சு விட்டாளா, சிரித்தாளா என்று தெரியவில்லை. கொஞ்சம் கழித்து நிதானமாக, யாருக்கோ வழி சொல்வது போலச் சொன்னாள். "உங்கப்பா வண்டியிலதான் வந்தேன். சங்கரன்கோயில்ல ஏறி, கடைசி சீட்டுல உக்காந்தேன். ஒவ்வொருத்தருக்கா குடுத்துட்டு வந்தாரு, எனக்கும் டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்தாரு. ஒண்ணும் கேக்கல. எறங்குனதும் விசிலு குடுத்தாரு, வண்டி போயிருச்சு. வீட்டுக்கு வந்தா நீ கணக்குப் போட்டுக்கிட்டு இருந்த. நீயும் ஒண்ணும் கேக்கல."

வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் ஒளிப்பதிவு மாணவர்கள் யாரோ கேமரா டிராலிக்குத் தண்டவாளம் பூட்டிக்கொண்டிருந்தார்கள், இரும்பும் இரும்பும் மோதும் சத்தம் வந்தது. ஏழு வருஷம். யாரென்றே தெரியாத ஒருத்தியிடம் நாலாவது வாரத்தில் சொல்ல முடிந்தது, அம்மாவிடம் ஏழு வருஷத்தில் கேட்க முடியவில்லை. கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தள்ளிய அன்றைக்கு அம்மாவைக் காப்பாற்றியதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"எங்கேம்மா போயிருந்த?" என்று கேட்டாள்.

கத்திரிக்கோலை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"எதுக்குக் கேக்க? படம் எடுக்கவா?"

இல்லம்மா என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் மனசு, பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை, டிக்கெட்டை நீட்டும் ஒரு கையை, ஜன்னல் வழியாக அந்த இரண்டு பேர் மேலும் விழுகிற மத்தியான வெயிலைப் பார்த்துவிட்டது. இல்லம்மா என்றாள். சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதை அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.